பையில் பன்னருவா: டிசியா, விசாரணையா?

தாராபுரம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புப் பையனின் புத்தகப் பையில் பழைய துண்டில் சுற்றிய பன்னருவா, அதாவது தட்டு அறுக்கும் பல் வைத்த அரிவாள். சாயங்காலம் மணி அடித்ததும் நேரே தோட்டத்துக்குப் போய் எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட வேண்டும். வீட்டுக்குப் போய் எடுத்து வருவது சுற்று என்று காலையிலேயே பையில் போட்டுக்கொண்டான். அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் சாக்ஸுக்குள் நாலு விரல் நீளத்தில் மடக்குக் கத்தி. போன வாரம் பஸ்ஸில் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கச் சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் ஒரே தண்டனையா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே அரிவாளை எடுத்தான். சக மாணவனோடு ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. இதற்குப் பிறகு பெற்றோருக்கு வரும் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் போடும் விதி பிள்ளைகளைக் காக்குமா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பள்ளிகளுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

எது கிடைத்தாலும் டிசி

இந்தக் கறார் விதி அமெரிக்காவிலிருந்து பரவியது. அங்கே 1994இல் வந்த துப்பாக்கியில்லாப் பள்ளிகள் சட்டம், மத்திய அரசின் நிதி வேண்டுமானால் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனைக் குறைந்தது ஓராண்டு நீக்க வேண்டும் என்றது. பலரும் மறந்துவிடுவது என்னவென்றால், ஒவ்வொரு சம்பவத்தையும் தனியாகப் பார்த்து அந்த ஓராண்டை மாற்றும் அதிகாரத்தை அதே சட்டம் தலைமை நிர்வாகிக்குத் தந்திருந்தது. பேனாக்கத்தி, பொம்மைத் துப்பாக்கி வரை விதியை நீட்டியது உள்ளூர்க் கல்வி வாரியங்கள்தான். 2009இல் டெலவேர் மாநிலத்தில், ஸ்பூனும் முள்கரண்டியும் கத்தியும் ஒன்றாக மடங்கும் சாரணர் கருவியைச் சாப்பிடுவதற்காகக் கொண்டுவந்த ஆறு வயதுச் சிறுவனுக்கு 45 நாள் சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பானது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, மழலை வகுப்புக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் 3 முதல் 5 நாள் இடைநீக்கம் போதும் என்று வாரியம் இறங்கி வந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2006இல் இந்த விதிகளை ஆராய்ந்து, பள்ளிகள் பாதுகாப்பானதற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

அதைவிட நம் ஆசிரியர்கள் யோசிக்க வேண்டியது வர்ஜீனியாவில் 1999இல் நடந்தது. தற்கொலை எண்ணத்தில் இருந்த தோழியிடம் கத்தி இருப்பதை அறிந்து, அது இருந்த பைண்டரை (தாள் கோப்பை) வாங்கித் தன் லாக்கரில் வைத்தான் 13 வயது மாணவன். அவனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று பள்ளியே ஒப்புக்கொண்டது. இருந்தும் விதிப்படி நீண்ட நாள் இடைநீக்கம். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அதைப் பார்த்த அடுத்த பையன் தோழி கையிலுள்ள கத்தியை வாங்குவானா?

கறார் விதி தோற்கும் முக்கியமான இடம் இதுதான். 1974 முதல் 2000 வரை அமெரிக்கப் பள்ளிகளில் திட்டமிட்டு நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு ரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் துறையும் ஆராய்ந்தன. 81 சதவீதச் சம்பவங்களில் ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூட்டாளிக்கோ வகுப்புத் தோழனுக்கோதான் தெரிந்திருந்தது. அவன் வாய் திறந்தால்தான் தடுக்க முடியும். ‘சொன்னால் கூட்டாளிக்கு டிசி’ என்று தெரிந்தால் அவன் திறக்க மாட்டான்.

ஆசிரியர்களும் அப்படித்தான். தண்டனை அளவுக்கு மீறிப் போகும்போது, துணியில் நூல் பிசிறு வெட்டும் கட்டரைப் பையில் பார்த்த ஆசிரியர் ஒரு அதட்டலோடு பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுவார். பதிவு இருக்காது. இரண்டு மாதம் கழித்து அதே பையன் உண்மையிலேயே கோபத்தோடு எதையாவது எடுத்து வந்தால், இது இரண்டாவது தடவை என்று யாருக்கும் தெரியாது.

சட்டமும் இந்த வழிக்கு இடம் தரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் நீக்கக் கூடாது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் விலக்கு. ‘பெற்றோரே கேட்டு டிசி வாங்கினார்கள்’ என்று கையெழுத்து வாங்குவது இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி, வேறொன்றுமில்லை. எட்டுக்கு மேல் சட்டத் தடை இல்லாவிட்டாலும் விளைவு கடுமையானது. டிசி போட்டதும் பெயர், மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் ‘காமன் பூல்’ பட்டியலுக்குப் போய்விடும், வேறு பள்ளி எடுத்துக்கொண்டால்தான் உண்டு. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோல் போன பிறகு நடு வருஷத்தில் வரும் பையனைச் சேர்க்க எந்தப் பள்ளியும் தயங்கும். திருப்பூர் பனியன் கம்பெனியும் பல்லடம், சோமனூர்த் தறியும் பக்கத்திலேயே இருக்கும்போது, அந்தப் படிப்பு அத்தோடு நின்றுபோகும்.

எச்.எம். பார்த்துக்கொள்வார்

நம் ஊரில் நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அப்பாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை, மன்னிப்புக் கடிதம், அவ்வளவுதான். இதில் பெரிய நன்மை இருக்கிறது. ஊரையும் குடும்பத்தையும் தெரிந்தவர் பன்னருவாவையும் மடக்குக் கத்தியையும் ஒரு நொடியில் பிரித்துப் பார்த்துவிடுவார்.

ஆனால் கறார் விதியைக் கேட்கிறவர்களின் வாதம் இங்கேதான் வலுக்கிறது. தோட்டத்துக்காரர் மகன் கத்தியோடு வந்தால் ‘சின்னப் பையன், விளையாட்டுத்தனம்’. அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர் மகன் வந்தால் ‘அவங்க அப்படித்தான்’. மில்காரர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், நன்கொடை தந்தவர் என்று ஒவ்வொருவர் பெயரும் தராசைச் சாய்க்கும். சாதி அதைவிட அழுத்தமாகச் சாய்க்கும். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், ஒரு பகுதியில் செல்வாக்குள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ போடக் கூடாது என்றது இதனால்தான். தீர்ப்பு சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பது தீர்ப்பை மாற்றிவிடும்.

இன்னொரு குறை, எச்.எம். மாறினால் அவர் நினைவும் கூடவே மாறிப்போகும்.

முதல் ஒரு மணி நேரம் கறார், முடிவு மட்டும் சம்பவத்தைப் பொறுத்து

மூன்றாவது வழியில் விதிவிலக்கே இல்லாத பகுதி உண்டு; அது தண்டனை அல்ல, நடைமுறை. யார் மகனானாலும், என்ன பொருளானாலும், இதே வரிசைதான்.

தகவல் வந்ததும் ஆசிரியர் இருவர் போக வேண்டும், ஒருவர் தனியாகப் போகக் கூடாது. மாணவியானால் இருவரும் ஆசிரியைகளாக இருக்கட்டும். வகுப்பு முன்னால் பையைக் கொட்டக் கூடாது. கொட்டினால் அவமானம் தாங்காமல் பையன் பொருளை எடுத்து நீட்டிவிடுவதும் உண்டு. ‘பையை எடுத்துட்டு வா’ என்று சொல்வதும் தவறு, அப்படிச் சொன்னால் வழியெல்லாம் ஆயுதம் அவன் கையில் இருக்கும். மாணவன் வெறுங்கையோடு ஓர் ஆசிரியருடன் முன்னால் நடக்க, பையை மற்றவர் கொண்டுவர வேண்டும். அறையில் பை அவன் கைக்கெட்டாத மேஜையில் இருக்க வேண்டும். கதவுப் பக்கம் அவன் வழியை மறித்து யாரும் நிற்கக் கூடாது.

பொருளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, தடித்த அட்டைக்குள் சுற்றி, தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்ட வேண்டும். மேஜை டிராயர் ஆகாது. பிறகு கேள்விகள்: இது யாருடையது, எதற்கு எடுத்தாய், பள்ளிக்குள் யாரிடம் காட்டினாய், வேறு யாருக்குத் தெரியும், மணி அடித்ததும் எங்கே போவதாக இருந்தாய்? தொனி முக்கியம். “ஏன்டா எடுத்துட்டு வந்தே?” என்றால் பொய்தான் வரும். “எதுக்கு வேணும்னு எடுத்தே கண்ணு?” என்றால், “தட்டு அறுக்கோணுங்க சார், அப்பா சந்தைக்குப் போயிட்டாருங்க” என்று வரும். அதைச் சரிபார்ப்பது சுலபம்: பிடியில் தட்டுச் சாறு ஒட்டியிருக்கிறதா, பல்லில் நார் சிக்கியிருக்கிறதா, அப்பாவுக்கு ஒரு போன். புதிதாகச் சாணை பிடித்த மடக்குக் கத்திக்கு இப்படி ஒரு சாட்சி கிடைக்காது.

மன்னிப்புக் கடிதம் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். பயத்தில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவான். செய்யாததையும் ஒப்புக்கொண்டதாக அந்தத் தாள் நிற்கும். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே ஆசிரியர் எழுதினால் போதும்.

அதன் பிறகே மதிப்பிடுவது. குறிப்பிட்ட ஆள் மீது கோபம் இருக்கிறதா, இடமும் நேரமும் யோசித்திருக்கிறானா, ஒளித்து வைத்தானா, பிறரைக் கூட்டாகச் சேர்த்தானா, முன்பு மிரட்டியிருக்கிறானா. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் உருவான மிரட்டல் மதிப்பீட்டு முறையும் இப்படித்தான் கோபத்தில் விழும் வார்த்தையையும் நிஜமான திட்டத்தையும் பிரிக்கிறது. 2013இல் அந்த மாநிலம் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இதற்கென்று குழுவைக் கட்டாயமாக்கியது. நம் பள்ளியில் எச்.எம்., வகுப்பாசிரியர், வேறு வகுப்பின் ஆசிரியை ஒருவர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து அந்த மாணவனின் உறவோ ஊரோ அல்லாத பெற்றோர் ஒருவர் என நாலு பேர் போதும். முடிவோடு காரணத்தை ஒரு படிவத்தில் ஐந்து வரியாவது எழுத வேண்டும். போன தடவை இதே போன்ற சம்பவத்தில் என்ன முடிவெடுத்தோம் என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். செல்வாக்குக்கு வளைவதைத் தடுப்பது இந்த ஒரு வரிதான். போனில் சிபாரிசு செய்பவர்கூட, எழுத்தில் வரும் என்றால் தயங்குவார்.

துப்பாக்கி, நாட்டு வெடி, கையில் ஓங்கிய கத்தி என்றால் குழு கூடிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே போலீஸ். அங்கே கறார்தான் சரி. மற்றபடி 2015 இளைஞர் நீதிச் சட்டத்தையும் அதன் விதிகளையும் ஆசிரியர்கள் தெரிந்திருக்க வேண்டும்: 18 வயதுக்குக் கீழ் என்றால் கொடுங்குற்றம் அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்தது தவிர எஃப்ஐஆர் கிடையாது, நாட்குறிப்பில் பதிவுதான். லாக்கப்பும் கைவிலங்கும் கூடாது, குழந்தை நலக் காவல் அதிகாரிதான் பேச வேண்டும். இவ்வளவு ஏன், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமான பொருளையும் வெறும் பொம்மையையும் ஆயுதம் என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆயுதச் சட்டமே பார்க்கும் வித்தியாசத்தைப் பள்ளி விதி பார்க்க மறுப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த வழிக்கும் விலை உண்டு. ஒரு சம்பவத்துக்கு இரண்டு பீரியட் போய்விடும். படிவத்தை நிரப்பாமல் விட்டால் இது இரண்டாவது வழியாகவே மாறிவிடும். அந்த அபாயம் நிஜம். நாமக்கல், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளில் இன்னொரு சிக்கல்: ஞாயிற்றுக்கிழமை வரும் பெற்றோரே பழம் நறுக்கக் கத்தி வைத்துவிட்டுப் போவார்கள். பெட்டிச் சோதனையைப் போட்டால் கத்தி காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே புதருக்குப் போகும். மெஸ்ஸில் நறுக்கித் தர ஓர் ஆள் வைத்தால் கத்தி வருவதே நின்றுவிடும்.

பன்னருவாப் பையனுக்கு என் தேர்வு: பொருள் அப்பா கையில், எழுத்தில் எச்சரிக்கை, வகுப்பு இழப்பு இல்லை. இனி அப்படி வேண்டியிருந்தால் காலையில் வாட்ச்மேன் அறையில் பெயரெழுதி வைத்துவிட்டு, மாலையில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகலாம். மடக்குக் கத்திக்காரனுக்கு: அன்றே வீட்டுக்கு, சில நாள் இடைநீக்கம், எதிராளியின் பெற்றோருக்கும் தகவல், அந்த பஸ் சண்டையைத் தீர்த்துவைக்கும் பேச்சு, தேவையானால் குழந்தைகள் உதவி எண் 1098. திரும்பி வரும் நாளிலிருந்து தினமும் காலையில் அவனோடு ஐந்து நிமிஷம் பேசும் ஆசிரியர் யார் என்பதை அவன் வருவதற்கு முன்பே முடிவு செய்து, பெயரைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும்.