மேத்தமேட்டிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்: சும்மா விடை கேட்டால் கிடைக்காது

பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். ராத்திரியில் ஒரு கணக்கு மடக்கிப் போட்டால் நான் போய் நிற்கும் இடம் இதுதான். 2010-இல் தொடங்கிய கணிதக் கேள்வி-பதில் தளம், காசு கட்ட வேண்டாம். வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டோ எடுத்துப் போட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள். எதுவரை போட்டாய், எங்கே நின்றாய் என்று எழுத வேண்டும். கறார்தான், எனக்கு அது பிடித்திருக்கிறது.

ரூட் டேன் எக்ஸைத் தொகையிடும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் பிரதியிட்டுப் போனால் பக்கம் பக்கமாக நீளும். ரூட் டேனோடு ரூட் காட்டை (cot) ஒருமுறை கூட்டி, ஒருமுறை கழித்து, இரண்டையும் தனித்தனியே தொகையிட்டு, சேர்த்துப் பாதியாக்கினால் வேலை முடிந்தது! கூட்டிய பகுதியில் சைன் கழித்தல் காஸ் என்பதை டி என வைத்தால் நாலே வரி. இந்த மாதிரி குறுக்குவழிகள்தான் இங்கே சொத்து.

பதில் சொல்பவருக்கு ஒவ்வொரு ஆதரவு ஓட்டுக்கும் 10 புள்ளி, கேட்டவர் ஏற்றுக்கொண்டால் இன்னொரு 15. சமன்பாடுகளை லேடெக்கில், அதாவது கணிதக் குறிகளுக்கான தட்டச்சுக் குறியீட்டில், தட்ட வேண்டும், போனில் அது பெரும் இம்சை. இயற்பியலுக்கும் இதே குடும்பத்தில் தளம் உண்டு, வீட்டுப்பாடம் என்றால் அங்கே இன்னும் கறார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பிளஸ் டூ தம்பி, தங்கைகள் முதலில் தேடிப் பாருங்கள், அப்புறம் கேளுங்கள்.