பிளே-டோ மாவு: டப்பா வாங்குவதா, அடுப்பில் கிண்டுவதா?

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்குக் கைவேலைப் பொருள் ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால், கிரேயானுக்கும் முன்னால் பிசையும் மாவைத்தான் சொல்ல வேண்டும். கிரேயானை அழுத்திப் பிடிக்க விரலுக்கு வலு வேண்டும். உருட்டி, கிள்ளி, நசுக்கி விளையாடும்போதே அந்த வலு வந்துவிடும். கடையில் கிடைக்கும் மாவுகளில் பிளே-டோ நல்ல பொருள்தான். ஆனால் பத்து இருபது நிறங்கள் அடங்கிய பெரிய பெட்டியாக வாங்குவது வீண். இரண்டு டப்பா போதும். மீதியை வீட்டு அடுப்பில் கிண்டிக்கொள்ளலாம்.

டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு. இவற்றோடு கொஞ்சம் மசகு, கெடாமல் காக்கும் பொருள், நிறம், மணம். இது பிறந்த கதை அதன் குணத்தைப் புரிந்துகொள்ள உதவும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குட்டால் என்ற நிறுவனம் 1930களில் இதைச் சுவர்க்காகிதம் துடைக்கும் மாவாகத்தான் விற்றது. வீட்டைச் சூடாக்க நிலக்கரி எரித்த காலம் அது. காகிதத்தில் படிந்த கரியை இந்த மாவால் ஒற்றி எடுப்பார்கள். எரிவாயு வந்து கரி குறைந்ததும் விற்பனை படுத்தது. நிறுவனத்தை நடத்திய குடும்பத்துக்கு உறவினரான கே ஸுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை மாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அதுவே பிளே-டோ ஆனது. சுவரில் ஒட்டாமல் அழுக்கை மட்டும் எடுக்க வேண்டும் என்று செய்த மாவு என்பதால்தான் கையில் பிசுபிசுப்பதில்லை. அதே காரணத்தால் தரையில் வைத்தால் தூசி, தலைமுடி, சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் ஒற்றிக்கொள்ளும். விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்துக் கொடுங்கள். மாவு சுத்தமாக இருக்கும், விளையாட்டுக்கும் ஓர் எல்லை கிடைக்கும்.

டப்பா மாவின் உண்மையான பலம் நிறமோ மணமோ அல்ல. நேற்று வடித்த சோறு இன்று விறைத்துப்போகிறதே, வெந்த மாவுச்சத்து எல்லாவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. பிளே-டோவின் காப்புரிமை ஆவணத்திலேயே இந்த விறைப்பைத் தடுக்கும் பொருள் சேர்ப்பது சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் இறுக்கமாக மூடி வைத்தால் மாதக்கணக்கில் மிருதுவாக இருக்கும். வீட்டு மாவால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. எப்போதாவது ஒரு நாள் எடுத்து விளையாடும் வீட்டுக்கு டப்பாதான் சரி.

குறை, நம் வீட்டு மின்விசிறிக்கு அடியில் தெரியும். சித்திரை, வைகாசியில் விசிறி முழு வேகத்தில் சுழலும்போது, மெல்லியதாகத் தட்டிய மாவின் மேல் அரை மணி நேரத்தில் பொருக்கு கட்டிவிடும். அந்தப் பொருக்கோடு சேர்த்துப் பிசைந்தால் மாவு முழுதும் மணல் மணலாக உதிரும். ஒரு தடவைக்குப் பெரிய எலுமிச்சை அளவு மட்டும் கொடுத்து, மீதியை மூடி வையுங்கள். கொஞ்சம் உதிர ஆரம்பித்தால் விரலை நனைத்து நாலைந்து சொட்டுத் தண்ணீர் மட்டும் தெளித்துப் பிசைய வேண்டும். ஊற்றினால் வெளிப்புறம் சேறாகும், உள்ளே கட்டியாகவே இருக்கும். இன்னும் இறுகியிருந்தால் ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். கல்லாகக் காய்ந்ததை விட்டுவிடுங்கள்.

நிறங்கள் கலப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஒரு வேளைக்கு இரண்டு நிறம் கொடுத்தால் போதும். மஞ்சளும் நீலமும் கொடுத்தால் பச்சை வரும், சிவப்பும் மஞ்சளும் கொடுத்தால் ஆரஞ்சு. இந்த மூன்று நிறமும் சேர்ந்தால்தான் சேற்று நிறம்.

பிளாஸ்டிக் அச்சுகளோடு வரும் பெரிய செட்டுகளை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. ஐஸ்கிரீம் இயந்திரம், முடிவெட்டும் பொம்மை போன்றவை ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். துளைகளில் மாவு காய்ந்து அடைத்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். அவை செய்வதை நம் சமையலறைச் சாமான்கள் இன்னும் நன்றாகச் செய்யும். பழைய முறுக்கு உழக்கு, சிறிய பூரிக்கட்டை, சோமாசி அச்சு, ஐஸ் குச்சி, பேனா மூடி போதும். உழக்கில் ஓமப்பொடி வில்லை வேண்டாம், சிறு கை அழுத்த முடியாது. முறுக்கு வில்லைதான் சரி. பித்தளை உழக்கைக் கொடுக்காதீர்கள். உப்பும் புளிப்பும் பட்டுப் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். மா இலை, வேப்பிலையைத் தட்டிய மாவில் நரம்புப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து அழுத்தி எடுத்தால் நரம்பெல்லாம் அச்சாக விழும். மூன்று வயதுக் குழந்தையை இது வெகு நேரம் உட்கார வைக்கும். கொண்டைக்கடலை, மணி போன்றவற்றைப் பதிக்கக் கொடுப்பது மூன்று வயதுக்குள் கூடவே கூடாது, தொண்டையில் அடைக்கும்.

இனி வீட்டு மாவு. 240 மில்லி கப் அளவில்: மைதா 2 கப், பொடியுப்பு முக்கால் கப், தண்ணீர் 2 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கிரீம் ஆஃப் டார்டார் 4 தேக்கரண்டி. கடைசியாகச் சொன்னது புளிப்பான வெள்ளைப் பொடி, கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றி, அதே அளவு தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக்கு ஏறக்குறைய 900 கிராம் மாவு வரும். அதாவது 112 கிராம் டப்பா எட்டு.

முதலில் உப்பைத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். கரையாத உப்பு நறநறக்கும், சிறு வெட்டுக்காயம் இருந்தால் எரியும். அடுப்பில் வைக்கும் முன்பே மைதாவைப் போட்டுக் கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, எண்ணெயும் புளிப்பும் சேர்க்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மைதாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு உடைக்கவே முடியாது. அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமோ நான்ஸ்டிக்கோ நல்லது. அலுமினியத்தை உப்பும் புளிப்பும் அரிக்கும். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், முதலில் ஓரத்தில் திரளும், பிறகு திடீரென்று மொத்தமும் கெட்டியாகும். அல்வா போல ஓரம் விட்டுச் சுருண்டு வந்து, கிள்ளி உருட்டினால் கையில் ஒட்டாமல் இருப்பதுதான் பதம்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் முன்னால் இறக்கினால் பிசுபிசுக்கும். உடனே மேலே மைதா தூவிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். பச்சை மாவு சேர்ந்த மாவு இரண்டு நாளில் உதிரும், சீக்கிரம் கெடும். தூவ வேண்டாம், மறுபடி அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் கிளறினால் போதும். தீய்ந்து வறண்டால் அரைத் தேக்கரண்டி எண்ணெய் தொட்டுப் பிசையலாம். மாவு முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும், அந்த நீர் சொட்டிப் பூஞ்சை வரும்.

நிறத்துக்குச் சமையல் கலர் சில சிட்டிகை, ஆறிய பிறகு பிசைந்து சேர்க்கலாம். பீட்ரூட் சாறும் அப்படித்தான், கொதிக்க வைத்தால் இளஞ்சிவப்பு மங்கிவிடும். மஞ்சள்தூள் அழகான நிறம், ஆனால் துணியில் கறையாகும், சோப்பு பட்டால் கை சிவக்கும். பழைய பனியனைப் போட்டுவிடுங்கள்.

இறுக மூடி வைத்தால் இந்த மாவு மூன்று நான்கு வாரம் தாங்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மாவு கசியும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கொடுக்கும் முன் ஒரு தடவை நன்றாகப் பிசைந்தால் சரியாகும்.

கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு டப்பா மாவும் வேண்டாம், மைதா மாவும் வேண்டாம். கை எப்படியும் வாய்க்குப் போகும். கொழுக்கட்டைக்குக் கிளறுவது போலவே பச்சரிசி மாவை உப்பு சேர்த்துக் கிளறிக் கொடுக்கலாம். மைதாவின் இழுவை இராது, நீளமாக உருட்டினால் அறுந்துபோகும், பூஞ்சையும் சீக்கிரம் வரும். எந்த மாவானாலும் உப்பு அதிகம். நக்கிப் பார்த்தால் குழந்தை தானே துப்பிவிடும், கட்டியாக விழுங்க விடக்கூடாது. வீட்டில் நாய் இருந்தால் அதன் வாய்க்கு எட்டாமல் வைப்பது கட்டாயம். இவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து.

எழுதுபொருள் கடைகளில் குச்சி குச்சியாக விற்கும் எண்ணெய்க் களிமண் வேறு ஜாதி. காயாது, நுணுக்கமான உருவம் நிற்கும். ஆனால் சிறு கைக்கு இறுக்கம், சுவரிலும் காகிதத்திலும் எண்ணெய்க் கறை விடும். ஐந்து வயதுக்கு மேல் வாங்கலாம். செய்த உருவத்தை எடுத்து வைக்க வேண்டும் என்றால் காற்றில் காயும் களிமண் வாங்குங்கள். பிளே-டோவில் செய்த யானை, காயும்போது வெளிப்புறம் முதலில் சுருங்கி, கால் இணைந்த இடத்தில் வெடித்துவிடும்.

பாயிலோ விரிப்பிலோ ஒட்டிய மாவை ஈரத்துணியால் தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். முழுதும் காயவிட்டு, முரட்டு பிரஷால் தட்டிப் பெருக்கினால் பொடியாக வந்துவிடும். உழக்கையும் அச்சையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவலாம், ஆனால் அதிலுள்ள கட்டிகளை முதலில் குப்பையில் தட்டிவிடுங்கள். தொட்டியில் போனால் குழாய்க்குள் பசையாக உட்கார்ந்துகொள்ளும்.