போடி இலவம் பஞ்சு மெத்தை: விடுதிக்குப் போகிறவர்கள் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். மதுரை, திண்டுக்கல், திருச்சி மாதிரி வெயில் ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவர்களாக இருந்தால் கட்டாயம் வாங்கலாம். ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கிற ரெடிமேட் மெத்தையை எடுக்காதீர்கள். பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து, அளவு சொல்லி, எதிரிலேயே அடைக்கச் சொல்லி வாங்குங்கள். போடிநாயக்கனூர் பஜாரிலிருந்து உள்ளே திரும்புகிற தெருவில் ஒரு சின்னக் கடையில் நான் அப்படித்தான் வாங்கினேன். கணவன், மனைவி, பஞ்சு அடைக்க ஒரு அண்ணன், மொத்தமே இவ்வளவு பேர்தான் அந்தக் கடையில்.

நான் கேரளாவில் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காரி. அம்மா கொழுந்து எடுக்கிறார். இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தேன். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் வெளியூரில் தங்கிப் படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான். அட்மிஷன் உறுதியான நாளிலிருந்து காலையில் எழுந்ததும் சந்தோஷமாக இருக்கிறது, ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. விடுதியில் கொடுத்த பட்டியலை மனப்பாடமாகவே ஒப்பிப்பேன்: வாளி, மக், தட்டு, டம்ளர், பூட்டு, போர்வை, தலையணை, மெத்தை. மெத்தையும் தலையணையும் தவிர எல்லாம் பூப்பாறையிலேயே கிடைத்துவிட்டது. மெத்தைக்காகத்தான் அம்மாவும் நானும் கீழே இறங்கினோம்.

எங்களுக்குப் போடி என்றால் ‘கீழ’. போடிக்காரர்களுக்கு நாங்கள் ‘மேல’. போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஜூன் மாதம் மேலே மூடுபனியும் சாரலுமாக இருக்கும்போது கீழே கண் கூசுகிற வெயில். மெத்தைக் கடைகள் போடியில் இருப்பதற்கு அந்த வெயிலும் ஒரு காரணம். மலை அடிவாரத்தில் இலவ மரங்கள் நிறைய. கோடையில் காய் முற்றியதும் பறித்து, வெயிலில் உலர்த்தி, உடைத்துப் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிறார்கள். பருத்தியில் நார் விதையிலேயே ஒட்டி வளரும். இலவங்காயில் அது காயின் உள்சுவரிலிருந்து வளர்கிறது, அதனால் விதை தனியாகக் கழன்றுவிடும். இரண்டுமே இப்போது மால்வேசியே குடும்பத்தில்தான் வருகின்றன. தாவரவியல் படிக்கப் போகிறேன் என்றதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு முழு இலவங்காயைக் கொண்டுவந்து என் முன்னால் உடைத்துக் காட்டினார். என் முதல் பாடம் அந்தக் கடையிலேயே தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். காய் ஓட்டில் ஒரு துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மேல இருந்தா வர்றீங்க?” அடுத்து, “மெத்தை யாருக்கு?” அம்மா என்னைக் காட்டினார். அதற்கப்புறம் அவர் அம்மாவிடம் பேசியது பணம் வாங்கும்போதுதான். மற்றதெல்லாம் என்னிடம்தான் கேட்டார். “பாப்பா, எப்படிப் படுப்ப, குப்புறவா ஒருக்களிச்சா?” இது தலையணைக்காக. ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தலையணை கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டுமாம். துணி நீங்களே எடுங்கள் என்று அவருடைய மனைவி மூன்று நான்கு சுருளை விரித்துப் போட்டார். நான் நீலக் கோடு போட்ட கெட்டித் துணியை எடுத்தேன். அம்மாவுக்குப் பூப்போட்டது பிடித்திருந்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

“கட்டில் என்ன அளவு?” என்று அடுத்த கேள்வி. விடுதிப் பட்டியலில் அது இல்லை. அளவு தெரியாமல் அவர் தைக்க மாட்டார். விடுதிக் கட்டில்கள் பல இடங்களில் மூன்றடி அகலம் இருக்காது, பெரிய மெத்தையைத் தைத்துக் கொடுத்தால் ஓரம் தொங்கி, படுக்கிற பிள்ளை ராத்திரி சரியும் என்றார். “போன் போட்டுக் கேளும்மா, நான் இங்கதான இருக்கேன்.” விடுதி எண்ணை நான் அதுவரை அழைத்ததே இல்லை. கடை வாசலில் நின்று அழைத்தேன். கை வேர்த்தது. என் பேச்சில் மலையாளம் கலந்துவிடுமோ என்று வேறு பயம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தமிழ்ப் பிள்ளைகள் என்பார்கள், மதுரையில் கேரளாக்காரி என்று சொல்வார்களோ என்று இன்றைக்கும் யோசனை ஓடுகிறது. வார்டன் எடுத்தார். பெயர் கேட்டார், எந்த ஊர் என்றார், “அவ்ளோ தூரத்துல இருந்தா வர்றே, குளிர்ல இருந்து வர்ற பிள்ளை, மெல்லிசா காட்டன் துணி நெறைய எடுத்துட்டு வா” என்றார். அப்புறம் அளவு சொன்னார்: இரும்புக் கட்டில், ஆறடிக்கு இரண்டரை அடி, ஜன்னல் ஓரம் ஒன்று காலியாக இருக்கிறது.

அதுவரை கல்லூரி என்பது எனக்கு அலைபேசியில் பார்த்த சில படங்கள். அந்த அழைப்புக்குப் பிறகு அது ஒரு கட்டில் ஆகிவிட்டது. எங்கள் லயத்து வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) ஒரு கட்டில்தான். அம்மா, நான், தங்கை மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் படுப்போம். அப்பா கீழே. எனக்கென்று ஆறடிக்கு இரண்டரை அடி இடம் இதுவரை இருந்ததில்லை. நினைத்தால் ஆசையாக இருக்கிறது. தனியாகப் படுத்தால் தூக்கம் வருமா என்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் ராத்திரி நாய் விடாமல் குரைத்தால் யானையாக இருக்குமோ என்று அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோன பிறகும் வேறு யானைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அம்மா எழுந்தால் நானும் எழுவேன், கையைப் பிடித்துக்கொள்வேன். மதுரையில் யானை வராது. நான் இல்லாத ராத்திரிகளில் அம்மாவின் கையைத் தங்கை பிடித்துக்கொள்ள வேண்டும். அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சரி, மெத்தைக்கு வருகிறேன்.

நல்ல இலவம் பஞ்சு வெண்மையாக இருக்காது, இளம் பாலேடு நிறத்தில் பட்டு மாதிரி மினுமினுக்கும். கைப்பிடி எடுத்து இறுக்கி விட்டால் உடனே உப்பி எழும். ஒவ்வொரு நாரும் உள்ளே காற்று நிறைந்த குழாய், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அவ்வளவு லேசு, தண்ணீரும் ஒட்டாது. ஒருகாலத்தில் கப்பலில் உயிர்காக்கும் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள், மிதக்கும். மில் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் அந்தப் பகுதி நனைந்து கீழே இறங்கும். கடைக்காரரே டம்ளரை எடுத்து வைத்துக் காட்டினார், நாங்கள் கேட்கவில்லை. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்து வீட்டில் வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் மலிவாக ஒரு மெத்தை வாங்கினார்கள். கொஞ்ச நாளில் நடுவில் கல்லாகக் கட்டிப்போனது. பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும்தான் இலவம் பஞ்சு, உள்ளே பூராவும் துணிக் கழிவு. பஞ்சில் கருப்பாகக் கொட்டைகள் நிறையத் தென்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடைக்கிற வேலையைப் பார்க்க வேண்டும். பின்னால் ஒரு சின்ன அறை, ஜன்னல் சாத்தியிருக்கிறது, மின்விசிறி கிடையாது. காற்று பட்டால் பஞ்சு பறந்துவிடும். அந்த அண்ணன் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, துணிப் பைக்குள் கையை விட்டு நான்கு மூலைகளையும் முதலில் நிரப்புகிறார். மூலை காலியாக இருந்தால் பஞ்சு அங்கே நகர்ந்து, நடுவில் பள்ளம் விழுமாம். நிரப்பியதும் குச்சியால் தட்டிச் சமப்படுத்துகிறார். கடைசியில் தடிமனான நூலால் மேலும் கீழும் சேர்த்து இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நாள் மெத்தை உழைக்கும். புழுக்கமான அந்த அறையில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. பேரம் பேச அம்மாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும்தான்.

முடிந்ததும் ஒரு பெஞ்சில் விரித்து என்னைப் படுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கூச்சமாக இருந்தாலும் படுத்தேன். முதலில் மேடாக, உருண்டையாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து நாளில் உடம்புக்கு ஏற்றபடி அமுங்கும் என்றார்கள். மெத்தையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அவர்களே சொன்ன யோசனை அது: “மேல கொண்டுபோனா மழையில துணி பூஞ்சை பிடிச்சிரும், கிளம்புற அன்னைக்கு வந்து எடுத்துக்க.” வைத்திருக்க வாடகை கேட்கவில்லை. விடுதியில் மாறிப்போகாமல் இருக்க, ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தார் கடைக்கார அக்கா. அதற்கும் காசு இல்லை.

தலையணையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் அதில்தான் படுக்கிறேன். கழுத்து வலி இல்லை, கன்னம் சூடாவதில்லை. தங்கை பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறாள். மெத்தை எத்தனை வருடம் வரும் என்பதற்கு என் சொந்த அனுபவம் இன்னும் இல்லை. ஆனால் இதே கடையில் வாங்கியதைப் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் நர்சிங் படிப்பு முழுக்கத் திண்டுக்கல்லில் பயன்படுத்தினார். நேரில் போய்த் தொட்டுப் பார்த்தேன். தட்டையாகியிருக்கிறது, கட்டி தட்டவில்லை. மே மாத ராத்திரியில், தன்னோடு படித்தவர்களின் ஃபோம் மெத்தை முதுகை வேகவைக்கும்போது இது அவ்வளவு சூடாகாது என்றார் அவர். எங்கள் குளிரில் வளர்ந்த உடம்புக்கு மதுரை வெயில்தான் பெரிய சோதனை, அதனால் எனக்கு இந்த ஒரு காரணமே போதும். தேங்காய் நார் மெத்தையும் பார்த்தோம். முதுகுக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் மடிக்க முடியாது, பேருந்தில் ஏற்ற முடியாது.

குறைகளும் உண்டு. இதைத் தண்ணீரில் நனைத்துத் துவைக்கவே கூடாது, ஆகவே ஜிப் வைத்த மேலுறை ஒன்று தனியாகத் தைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். விடுதியில் மொட்டை மாடிக்குப் போக விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள் (எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை விடுவார்களாம்). தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள், இழுப்பு இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். சில வருடம் கழித்துப் பஞ்சைப் பிரித்து உதறி, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து மறுபடி அடைக்க வேண்டிவரும். அப்புறம் இந்தக் கடையில் நேரம் சொன்னபடி நடக்காது. மதியத்துக்குள் முடியும் என்றார்கள், சாயங்காலம் ஆனது. கடைசிப் பேருந்து போய்விடுமோ என்று அம்மா தவித்துப்போனார். ஜூனில் எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வருவதால் அப்படி. மே மாதத்திலேயே போவது நல்லது.

மெத்தை, தலையணை, மேலுறை எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அம்மாவுக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. எடுத்துக் கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான், அதை நான் பார்த்தேன்.

கொண்டுபோவதற்குப் பேருந்தை விட ரயில் வசதி. 2010 கடைசியோடு நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூன் 15 முதல் மறுபடி ஓடுகிறது. ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை. எங்கள் இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. மூணாறில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஓடிய சின்ன ரயிலும் 1924 வெள்ளத்தில் அழிந்துபோனது. நான் இதுவரை ரயிலில் ஏறியதில்லை. முதல் பயணமே மெத்தையோடுதான். ஜன்னல் பக்கம் எனக்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

கடைக்குப் போகிறவர்கள் கட்டில் அளவைக் கையோடு கொண்டுபோங்கள். பணம் ரொக்கமாகவும் கொடுக்கலாம், ஜீபேயும் இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள். படிக்கப் போகிற பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் போகாதீர்கள். அந்தக் கடையில் கேள்வியெல்லாம் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பார்கள்.