நாக் அவுட்டா, குரூப்பா? பூட்டான் கண்ட இரண்டும்

2018 கால்பந்து உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்று 2015 மார்ச்சில் தொடங்கியது. முதல் சுற்று நாக் அவுட், அதாவது தோற்ற அணி வெளியே: சொந்த மண்ணில் ஓர் ஆட்டம், எதிரணி மண்ணில் ஓர் ஆட்டம், அவ்வளவுதான். ஃபிஃபா தரவரிசையில் கடைசி இடமான 209-இல் இருந்த பூட்டான், கொழும்பில் 84-ஆவது நிமிட கோலால் இலங்கையை 1-0 என வென்றது. அப்புறம் பூட்டான் தலைநகர் திம்பு. கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். 1-1 என இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தின் 90-ஆவது நிமிடத்தில் பூட்டானின் செஞ்சோ கெல்ட்ஷென் தன் இரண்டாவது கோலை அடித்தார். அந்தச் சிலிர்ப்பை நாக் அவுட்தான் தரும். ஆனால் இலங்கையின் உலகக் கோப்பைக் கனவு, போட்டிக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே முடிந்துவிட்டது.

இரண்டாம் சுற்று குரூப் முறை: ஒரே குழுவில் உள்ள அணிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஆடும், தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு. பூட்டானுக்கு எட்டு ஆட்டங்கள், எட்டிலும் தோல்வி. கத்தாரிடம் தோஹாவில் 15-0. சரி, அடிதான். ஆனாலும் அடுத்த மாதமே திம்புவில் மாலத்தீவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, 3-4 என்றுதான் தோற்றது. சின்ன அணிகளுக்கு என் ஓட்டு குரூப்புக்கே. இரண்டு ஆட்டத்தில் எந்த அணியும் வளராது.