இம்ப்ளான்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எதைக் கேட்டாலும் "நார்மல்தான்" என்று சொல்லும் கிளினிக்குகள்: எச்சரிக்கை

பல் இம்ப்ளான்ட் (தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கைப் பல் வேர்) அறுவை முடிந்ததும் வாயில் பஞ்சை வைத்து, மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, "அடுத்த வாரம் தையல் பிரிக்க வாங்க" என்று அனுப்பிவிடும் கிளினிக்குகள் நிறைய. முழுப் பணமும் அதற்கு முன்பே கட்டியாகியிருக்கும். இரவில் சந்தேகம் வந்து போன் செய்தால், வரவேற்பில் இருப்பவர் எடுத்து "அது நார்மல்தான்" என்பார். பல தொந்தரவுகளுக்கு அந்தப் பதில் சரிதான். எவற்றுக்குச் சரியில்லை என்பது நோயாளிக்குத் தெரியாததால்தான் நாட்கள் வீணாகின்றன, சில நேரம் இம்ப்ளான்ட்டே கைவிட்டுப் போகிறது.

முதலில் மரமரப்பு. கீழ்த்தாடையில் போடும் மரப்பு ஊசி பெரும்பாலும் 3 முதல் 5 மணி நேரத்தில் தெளிந்துவிடும். நீண்ட நேரம் நிற்கும் மருந்தாக இருந்தாலும் அரை நாளைத் தாண்டுவது அரிது. மறுநாள் காலையிலும் ஒரு பக்க உதடும் மோவாயும் மரத்தே இருந்தால் அதை மருந்தின் மிச்சம் என்று நினைக்காதீர்கள். துளையிடும்போதோ இம்ப்ளான்ட்டைத் திருகும்போதோ தாடைக்குள் ஓடும் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். அப்படியானால் முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் இம்ப்ளான்ட்டை வெளியே எடுப்பதுதான் உணர்வு திரும்ப நல்ல வாய்ப்பைத் தருகிறது. வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்து "மூணு மாசம் பார்ப்போம்" என்று தள்ளுவது அந்த நேரத்தைத் தின்றுவிடும். இது மோசமான சேவையிலேயே மிக மோசமானது, ஏனென்றால் போன நேரம் திரும்பாது.

செய்ய வேண்டியது: மெல்லிய தாளின் நுனியால் இரண்டு பக்க உதட்டையும் மோவாயையும் தொட்டு ஒப்பிடுங்கள். மரத்த பகுதியின் எல்லையைப் பேனாவால் குறித்துப் படம் எடுங்கள். போனில் சொல்வதோடு நிறுத்தாமல், நேரம் பதிவாகும்படி எழுத்தில் செய்தி அனுப்பி, அன்றே சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) கேளுங்கள். தட்டிக்கழித்தால் முகத்தாடை அறுவை நிபுணரிடம் நேராகப் போய்விடுங்கள்.

ரத்தக்கசிவில், எச்சில் இளஞ்சிவப்பாக வருவது ஒரு நாள் வரை இயல்பு. மீண்டும் கசிந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஈரமாக்கிய சுத்தமான காஸ் துணியைத் தடியாக மடித்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் 30 நிமிடம் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் துப்புவதும் கொப்பளிப்பதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் கூடாது, உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். ஆனால் கீழ் முன்பற்கள் பகுதியில் இம்ப்ளான்ட் வைத்தபின் நாக்கின் அடி வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, பேச்சு குழறினால், விழுங்க முடியாவிட்டால், கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டிருக்காதீர்கள். எலும்பின் உட்புறச் சுவர் துளைபட்டு ரத்தக்குழாய் அறுந்திருக்கலாம், மூச்சுப்பாதை அடைபடலாம். சில மணி நேரம் கழித்தும் இது வெளிப்படும். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். முதல் நாளிலும் மறுநாளிலும் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் விட்டு ஒத்தடம் கொடுத்தால் போதும். குறைந்து வந்த வலி நான்காம், ஐந்தாம் நாளில் மறுபடி ஏறினால், கூடவே சீழ், கெட்ட சுவை, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் இருந்தால், நேரில் பார்க்காமல் போனிலேயே ஆன்டிபயாட்டிக் சொல்வதை ஏற்காதீர்கள்.

மாத்திரைச் சீட்டிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஐபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரையை எழுதிவிட்டு, "வலித்தால் போடுங்கள்" என்று தனியாகப் பாரசிட்டமாலும் எழுதிவிடுவார்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராம் பாரசிட்டமாலைத் தாண்டக்கூடாது. உடல் எடை குறைவு அல்லது கல்லீரல் கோளாறு என்றால் அளவு இன்னும் குறையும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இதில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

ஈறுக்கு மேல் தெரியும் சிறிய உலோக மூடியை ஹீலிங் கேப் என்பார்கள். சரியாக முறுக்காவிட்டாலோ, அடியில் சதை சிக்கிக்கொண்டாலோ அது தளர்ந்துவிடும். விரலால் திருகப் பார்க்காதீர்கள், நழுவினால் விழுங்கிவிடுவீர்கள், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். கழன்று விழுந்தால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு, அன்றோ மறுநாளோ போய்விடுங்கள். "தையல் பிரிக்கும்போது பார்த்துக்கலாம்" என்று அவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதற்குள் ஈறு மூடிக்கொண்டால் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். மருத்துவர் மூடியை முறுக்கும்போது எலும்புக்குள் வலித்தால், கூடவே இம்ப்ளான்ட்டும் சுழல்கிறதா என்று கேளுங்கள். அது ஆடினால் எலும்போடு சேரவில்லை என்று பொருள், மூடியை இறுக்கி அனுப்புவதில் பயனில்லை.

பழைய கழற்றும் பல் செட்டை அன்றே திருப்பி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது ஈறு வழியாக இம்ப்ளான்ட்டை ஒவ்வொரு கடியிலும் அழுத்தும். தொடும் இடத்தைக் குடைந்து மென்மையான உள்பூச்சு போடாமல் அதை அணியக் கூடாது. "ஒரே நாளில் பல்" என்று விற்கப்படும் தற்காலிகப் பல்லும் மெல்லுவதற்கு அல்ல. பல்லைக் கடித்தபடி மெல்லிய தாள் துண்டை அந்த இடத்தில் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வர வேண்டும், பிடித்துக்கொண்டால் உயரம் குறைக்கச் சொல்லுங்கள். வலி போய்விட்ட மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் கவனம் அதிகம் தேவை. தொடக்கத்தில் திருகின் பிடிமானம்தான் இம்ப்ளான்ட்டைத் தாங்குகிறது. அது தளர்ந்து, புது எலும்பு முழுதாக வளராத இடைவெளி அந்த வாரங்கள். எலும்பு இறுகப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும்.

மேல்தாடையில் சைனஸின் (மூக்கை ஒட்டிய காற்றறை) அடிச்சவ்வை உயர்த்தி எலும்புத்தூள் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மலை வாய் திறந்து விட வேண்டும். மணல் போலச் சில துகள்கள் வாயில் வருவது இயல்பு. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் இயல்பல்ல, உடனே காட்டுங்கள்.

கடைசியாக, கிளினிக்குகள் கேட்காமல் கொடுக்காத ஒன்று: இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கர். தயாரிப்பு நிறுவனம், மாடல், விட்டம், நீளம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) எல்லாம் அதில் இருக்கும். அதையும் அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயின் நகலையும் தையல் பிரிக்கும் நாளுக்குள் வாங்கிவிடுங்கள். கிளினிக் மூடினாலோ நீங்கள் ஊர் மாறினாலோ, அடுத்த மருத்துவருக்குப் பொருத்தமான திருகு எது, திருப்பும் கருவி எது என்று உறுதியாகச் சொல்வது அந்த ஸ்டிக்கர்தான். சொன்ன பிராண்டுக்குப் பதில் வேறு ஒன்றை வைத்திருந்தாலும் அதில்தான் தெரியும். "எங்க ஃபைல்ல இருக்கு" என்றால், ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லி அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.