ஊட்டிக்குக் காசு எங்கிருந்து: வீட்டு வரியா, வண்டிக் கட்டணமா?

பார்சன்ஸ்வேலி அணைத் தண்ணீர் ஊட்டிக் குழாய்க்கு வர மோட்டார் ஓட வேண்டும், அதற்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். அப்புறம் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு. சீசனில் இந்தச் செலவெல்லாம் ஏறும். கூடுதல் பணத்தை நகராட்சி யாரிடம் கேட்பது?

முதல் வழி சொத்து வரி. தமிழகம் முழுக்க 2022இல் இதை உயர்த்தினார்கள். நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீத உயர்வு, 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம். அரையாண்டுக்கு ஒருமுறை வரும் வருமானம், நம்பித் திட்டம் போடலாம். ஆனால் எவ்வளவு பேர் வந்து போனாலும் இந்தத் தொகை மாறாது.

இரண்டாவது, வெளியூர் வண்டிகளுக்குக் கட்டணம். இதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். 2024 மே 7 முதல் இ-பாஸ் இருப்பதால் வண்டிகளின் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு விதித்த வரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. பேச்சுக்கு வண்டிக்கு 50 ரூபாய் என்றால், 6,000 வண்டிக்கு ஒரு நாளில் 3 லட்சம். சரி, மழைக்காலத்தில் இது சுருங்கிவிடும், அது உண்மையான குறைதான். அதனால் சம்பளத்தை இதை நம்பிக் கொடுக்க முடியாது.

என் கருத்து: சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் வீட்டு வரி, தண்ணீருக்கும் குப்பைக்கும் வண்டிக் கட்டணம். அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மாதாமாதம் வரவு செலவை நகராட்சி வாசலில் ஒட்ட வேண்டும்.