காதுக்கு எது, கழுத்துக்கு எது?

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறிகள் ஓடின. சோமனூர்ப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம்தான் தாலாட்டு. மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவோம். அப்படி வளர்ந்த எனக்குக் குக்கர் விசில் ஆகாது. விசில் வந்ததும் உடம்பு தூக்கிப்போடும், கையில் இருப்பது கீழே விழும். "தறிக்குடோன் பக்கத்தில் தூங்கியவளுக்கு இது ஒரு சத்தமா கண்ணு?" என்று கல்யாணமான புதிதில் அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. தறி அடுத்த அடியை எப்போது அடிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. குக்கர் சொல்லிவிட்டு ஊதுவதில்லை.

இதை வைத்துத் தறிச் சத்தத்தால் தீங்கில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்துக்குள் சத்தம் 100 டெசிபலை ஒட்டி நிற்கும். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே போனில் பேசுவது விளங்காமல் போனது. மனம் பழகிக்கொண்டது, காது தேய்ந்துவிட்டது.

எனக்குக் காது, பிடரி, கண் மூன்றும் கொஞ்சம் அதிகக் கூர்மை. அக்கா மகனுக்கு ஆட்டிசம். அவனுக்கும் அப்படித்தான், இன்னும் பல மடங்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோயறி கையேட்டைத் திருத்தியபோது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எனக்கு அந்தப் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் கடைக்குப் போனால் அவனும் நானும் ஒரே பொருளைத்தான் தேடுகிறோம். பத்து ஆண்டுகளில் சத்தத்தைத் தடுக்க வாங்கிப் போட்டவை ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இந்த ஆண்டு தம்பி கல்யாணம் வந்தது, இணைச்சீர் என்ற சடங்கு எனக்கு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணமேடையில் அவன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும், நாதஸ்வரமும் தவிலும் ஐந்தடி தூரத்தில். எனவே பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடை போட வேண்டியதாயிற்று.

பஞ்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஊரில் எல்லோரும் சொல்வது அதைத்தான், பயன் மிகக் குறைவு. காதில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பைத் தரும், சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சு இயர் பிளக்கின் அட்டையில் 29 முதல் 33 டெசிபல் வரை குறையும் என்று போட்டிருப்பார்கள். அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை அந்த எண்ணில் ஏழைக் கழித்து, மீதியைப் பாதியாக்கிக்கொள்ளச் சொல்கிறது. அதன்படி 33 என்பது 13 ஆகிவிடும். பாதியாக்கக் காரணம், பலர் அதைச் சரியாக மாட்டுவதில்லை. நான் இரண்டு ஆண்டுகள் காது வாசலில் செருகிக்கொண்டு, பொருள் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். விரல்களுக்கு இடையே திரி போல மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இப்படிச் செய்த முதல் நாள், ஊரே கிணற்றுக்குள் இறங்கிவிட்டது போல் இருந்தது.

அதற்கும் இரண்டு கெடுதல்கள் உண்டு. ஒன்று, வெளிச் சத்தம் அடங்கியதும் உட்சத்தம் எழும்பும். அடைத்த காதோடு அப்பளம் தின்று பாருங்கள், தெரியும். மற்றது எங்கள் ஊருக்கே உரிய கெடுதல். ஒரு நாள் பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காதில் இருந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று சொல்லாமல் விடுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதற்காகப் பத்து ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. "அந்தப் பெண்ணுக்குத் திமிர் வந்துவிட்டது" என்ற செய்தி சாயங்காலத்துக்குள் நான்கு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் தொழிற்சாலைகளில் மாட்டும் பெரிய காதுக் கவசத்தை வாங்கினேன். மஞ்சளும் கறுப்புமாக, விமான நிலையத்தில் கொடி காட்டுபவர் போல இருப்பேன். அட்டையில் போட்டிருக்கும் எண் 22 முதல் 30 வரை, ஸ்பாஞ்சைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் உருட்டவோ அழுத்தவோ வேண்டாம், மாட்டினால் முடிந்தது. அதைவிட, அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. கூப்பிட்டுப் பார்க்காமல் தோளைத் தொடுகிறார்கள். "காதிலே என்ன கண்ணு, சீழா?" என்று கேட்பார்கள். நோயாளி என்று நினைப்பதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம், திமிர் என்று நினைத்தால் எந்தப் பதிலும் எடுபடாது. சித்திரை வெயிலில் காதைச் சுற்றி வேர்வை ஊறும். தோடும் மாட்டலும் குத்தும். மூக்குக் கண்ணாடி போட்டால் அதன் கால் வழியாகச் சத்தம் நுழையும். இவ்வளவு குறைகளோடும் வீட்டுக்குள் நான் ஓட்டுப் போடுவது இதற்குத்தான்.

ஆயிரங்களில் விலை போகும், மின்னணு முறையில் இரைச்சலை அடக்கும் ஹெட்போனைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒலி அலைக்கு எதிர் அலையை எழுப்பி இரண்டையும் ஒன்றோடொன்று தீர்த்துக்கொள்ள விடுவது அதன் வேலை. பஸ் இன்ஜின், ஜெனரேட்டர், ஏசி போலத் தாழ்ந்த குரலில் ஒரே சீராக வரும் இரைச்சலில் அது கெட்டி. திடீரென்று கிளம்பும் கீச்சொலியில் தடுமாறும். திருப்பூரிலிருந்து பல்லடம் சாலையில் கோவைக்குப் போகும்போது இன்ஜின் உறுமல் கரைந்தே போய்விடும். பின்னாலிருந்து வரும் லாரியின் காற்று ஹார்ன் மட்டும் முன்னைவிடத் தனித்துக் காதைக் கிழிக்கும். எனக்கோ எதிரி விசில். என்னைப் பொறுத்தவரை இது விலை கூடிய ஆடம்பரம்தான். அக்கா மகன், காதுக்குள் அழுத்துகிறது என்று இரண்டாம் நாளே கழற்றி எறிந்தான். இதை மாட்டியிருப்பவரைப் பாட்டுக் கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். பெரியப்பா கணக்கில் அதுவும் திமிர்தான்.

கடைசியாக, இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஃபில்டர் வைத்த சிலிக்கோன் பிளக். சத்தத்தைக் குறைவாகத்தான் குறைக்கும், ஆனால் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாழ்த்துவதால் பேச்சு புரியும், பாட்டு பாட்டாகவே கேட்கும். கல்யாண மண்டபத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் இதுதான். சுண்டுவிரல் நுனி அளவே இருப்பதால் தொலைப்பது எளிது. என்னுடைய முதல் ஜோடியில் ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டி வழியாகப் போய்விட்டது.

எதை வாங்கினாலும் நாள் முழுவதும் மாட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. இரண்டு வாரம் தொடர்ந்து காதை அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பிறகு சாதாரணச் சத்தமே முன்னைவிட உரக்கக் கேட்டதாக 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வெளியே சத்தம் இல்லாவிட்டால் மூளை தன் செவியின் திருகை ஏற்றி வைத்துக்கொள்கிறது. அமைதியான வீட்டில் அடைத்துக்கொண்டு திரிந்த மாதங்களில் எனக்கும் கரண்டி விழும் சத்தம்கூட இடியாகக் கேட்டது.

குக்கருக்குத் தீர்வு இந்தப் பெட்டியிலேயே இல்லை. ஆவி சீறத் தொடங்கியதும் அத்தை இப்போது "விசில் கண்ணு" என்று முன்கூட்டியே குரல் கொடுத்துவிடுகிறார். நான் கொல்லைக்குப் போய்விடுகிறேன்.

கழுத்துக்கு வருகிறேன். இது என் தொழில். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் செக்கிங். பிடரியில் உறுத்தும் லேபிளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அது ஏன் உறுத்துகிறது என்று பார்ப்பதில்லை. லேபிள் துணி வழவழப்பானதுதான். நீள நாடாவாக நெய்து, சூட்டுக் கத்தியால் துண்டு போடுகிறார்கள். நூல் பிரியாமல் இருக்க ஓரம் உருகி ஒட்டிக்கொள்கிறது. உருகி இறுகிய அந்த ஓரம்தான் அரம் மாதிரி தோலை அறுக்கிறது. கத்தரியால் வெட்டினால் தையலோடு ஒட்டிய அடிக்கட்டை நின்றுபோய் இன்னும் மோசமாகக் குத்தும். முழுதாக எடுக்க ஆசைப்பட்டு ஓவர்லாக் தையலைப் பிரித்தால் கழுத்தில் ஓட்டை விழும். மேலே தனியாகத் தைத்த லேபிள் என்றால் பிரிக்கலாம். தையலுக்குள் வைத்து அடித்ததென்றால் விட்டுவிடுங்கள், அந்தச் சட்டையை வாங்காதீர்கள்.

போட்டியாக வந்தது துணி மேலேயே சூட்டில் ஒட்டிய அச்சு லேபிள். புதிதில் அதற்கு ஈடு இல்லை. பிறகு விரிசல் விட்டு உரியத் தொடங்கும். அச்சு தடித்ததாக இருந்தால் வேர்வையில் பிடரியோடு பசை போல ஒட்டும். விரல் நகத்தால் மெல்ல மடக்கிப் பாருங்கள். துணியோடு சேர்ந்து மடங்கினால் நல்லது, அட்டை போல நிமிர்ந்தால் வேண்டாம். இருந்தும் தைத்த லேபிளா அச்சா என்றால் கண்ணை மூடிக்கொண்டு அச்சு என்பேன்.

லேபிளை மட்டும் பார்த்துவிட்டுத் தையலைக் கோட்டை விடுபவர்கள் அதிகம். ஓவர்லாக் உட்புறம் வரப்பு போல எழும்பி நிற்கும். பேட்லாக் இரு துணிகளையும் படிய வைத்துத் தைப்பது, கை வைத்தால் மேடு தெரியாது. அக்குளிலும் தோளிலும் பேட்லாக் இருந்தால் அக்கா மகன் முனகாமல் போட்டுக்கொள்கிறான். துணியில், பயோவாஷ் செய்தது செய்யாததைவிட மேல். நொதி மேல்பஞ்சைத் தின்றுவிடுவதால் உரசல் குறையும். இதையெல்லாம் போனில் படம் பார்த்து வாங்க முடியாது. திருப்பூர் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் போனால் சட்டையை உள்வெளியாகப் புரட்டித் தடவிப் பார்த்து வாங்கலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அங்கே கூட்டமும் ஹார்னும் உயிரை எடுக்கும் என்பது வேறு கதை. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, வார நாளில் கடை திறந்ததும் போய்விடுவேன்.

வெளிச்சத்தில் அலசப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும், எலக்ட்ரானிக் சோக் ஆயிரக்கணக்கில் மினுக்குவதால் கண்ணுக்குத் தெரியாது. எல்இடியில் மலிவானவை மறுபடி அந்த 100-க்கே வந்துவிடும். கடையிலேயே போன் கேமராவைக் காட்டுங்கள், திரையில் பட்டைகள் ஓடினால் வேறு கேளுங்கள்.

மாரியம்மன் திருவிழாதான், எங்கள் பேச்சில் நோம்பி, கடினமான கேள்வி. பூச்சாட்டிக் கம்பம் நட்டால் அந்த இரவுகளில் தப்பட்டை, ஒலிபெருக்கி, வெடி. போவதா, போகாமல் இருப்பதா? ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. சட்டம் என் பக்கம். அதற்காகச் சொந்த ஊர் அம்மன் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அதே ஊரில் குடியிருக்க முடியுமா? மூன்று ஆண்டுகள் போகாமல் இருந்து பார்த்தேன். தூக்கம் கிடைத்தது, ஆனால் அந்தக் கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம் பார்க்காத வருத்தம் போகவில்லை. இப்போது நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்: ஒலிபெருக்கி இல்லாத பக்கமாக நின்று, கவசத்தோடு, அரை மணி நேரம். தப்பட்டை தறி மாதிரிதான், அடி பிடிபட்டதும் உடம்பு தானாக இளகும். வெடி தொடங்கும் முன் கிளம்பிவிடுகிறேன்.

தம்பி கல்யாணத்துக்குச் சேலையிலும் இதே பாடுதான். கோவை கோரா காட்டன் பார்க்க அழகு, ஆனால் பசை நீக்காத பட்டு இழை என்பதால் மொடமொடப்பு இடுப்பில் பேசிக்கொண்டே இருக்கும். நெகமம் காட்டன் துவைக்கத் துவைக்கப் பதமாகும், இணைச்சீருக்கு அது எடுபடாது என்று அம்மா சொல்லிவிட்டார். சிறுமுகை மென்பட்டில் முடிந்தது. சரிகை பின்புறம் உரசாதபடி ரவிக்கைக்குப் பழைய பருத்தி வேட்டியில் உட்துணி வைத்துத் தைத்தேன்.

மேடையில் மஞ்சள் கவசம் மாட்ட முடியாது, போட்டோக்காரர் அழுதுவிடுவார். தவில் இருந்த பக்கம் இடது காதில் ஸ்பாஞ்சு, சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் இருந்த பக்கம் வலது காதில் ஃபில்டர் பிளக், இரண்டையும் மறைக்கக் கூந்தல். உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலத்தான் இருந்தது. ஆனால் "இப்போது எழுந்திரு அம்மிணி" என்று அருமைக்காரர் சொன்னது ஒவ்வொரு முறையும் கேட்டது. வாழ்த்த மேடையேறிய பெரியப்பாவைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, அவர் வாயைத் திறக்கும் முன் நானே "வாங்க பெரியப்பா" என்றேன். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் இடது காது ஞாபகம் வந்தது. இலையில் அப்பளம் விழுந்திருந்தது. ஸ்பாஞ்சைக் கழற்றி முந்தானையில் முடிந்துவிட்டுத்தான் அதைத் தொட்டேன்.